பாடகர் கட்டையை இறக்கிவிட்டால் நாலு ஸ்ட்ரிங் பேஸில் என்ன செய்வது?

ஈசூன்_நாலுகம்பி | வெள்ளி, இரவு 11.20

வணக்கம். ஒரு வாரமாக மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை ஒரு கல்யாண வரவேற்பு, இங்கே சிங்கப்பூரில் ஒரு சமூக மன்ற மண்டபத்தில். குழுவில் ஏழு பேர், பேஸ் கிட்டார் நான். ஒத்திகை முழுக்க ஒரு மெலடிப் பாட்டை 3 கட்டையில், அதாவது ஈ சுருதியில், வைத்திருந்தோம். ஈ-யில் உட்காருகிற பேஸ் வரி. சரணத்தில், விரல் வைக்காமல் அடிக்கிற ஓப்பன் ஈ ஸ்ட்ரிங்கை விட்டு நகரவே வேண்டாம். மேடை ஏற இருபது நிமிடம் இருக்கும்போது பாடகர் வந்து, "தொண்டை கட்டியிருக்கு, 2 கட்டைக்கு இறக்கிடுவோம்" என்றார். கீபோர்டில் அதற்கு ஒரு பட்டன் போதும். கிட்டார்காரர் கார்டை மாற்றிப் பிடித்தார். எனக்குத்தான் வழி இல்லை. 2 கட்டை என்றால் டி. என் பேஸில் ஈ-க்குக் கீழே ஒன்றும் கிடையாது. ஏ ஸ்ட்ரிங்கில் ஐந்தாவது ஃபிரெட்டுக்கு (நெக்கில் இருக்கிற குறுக்குக் கம்பி) ஏறி, ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே இருக்கிற டி-யைப் பிடித்து ஒப்பேற்றினேன்.

யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் தரையில் நிற்க வேண்டிய ஓசை இடுப்பளவில் நின்றது. இரண்டாவது சரணத்தில் டிரம்மர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

என்னிடம் இருப்பது மெக்சிகோவில் செய்த ஃபெண்டர் பிரெசிஷன், செகண்ட்ஹேண்டில் வாங்கியது. 45-105 தடிமன் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) ரவுண்ட்வவுண்ட் ஸ்ட்ரிங், அதாவது உருண்டைக் கம்பி சுற்றியது. பதினைந்து வருடமாகக் கையில் இருப்பது இது ஒன்றுதான். கையிருப்பு 1,200 வெள்ளி. அஞ்சு ஸ்ட்ரிங் வாங்கிவிடலாமா? வேறு வழி உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கட்டைவிரல் | வெள்ளி, இரவு 11.48

அண்ணே, யோசிக்கவே வேண்டாம், அஞ்சு எடுங்க. நான் தேசிய சேவையில இருந்தப்ப கேரசல் ஆப்ல ஒண்ணு வாங்கினேன். முதல் ரெண்டு வாரம் கஷ்டமா இருந்துச்சு. ஈ-ன்னு நெனச்சு, அதுக்குக் கீழ கூடுதலா வர்ற பி-ய அடிப்பேன், பாட்டே கோணிப்போகும். மூணாவது வாரம் கை தானா பழகிடுச்சு.

உங்க பிரச்சினைக்கு லோ பி ஸ்ட்ரிங்ல மூணாவது ஃபிரெட் பிடிச்சா கீழ் டி கெடைக்கும். பாடகர் 1 கட்டை கேட்டா முதல் ஃபிரெட், சி. 1½ கேட்டா ரெண்டாவது. பயமே இல்ல. இன்னொண்ணு, அஞ்சாவது ஃபிரெட்ல ஈ கெடைக்கிறதால மேல கீழ ஓடாம ஒரே எடத்துல நின்னு வாசிக்கலாம்.

ஒரு சிக்கல் இருக்கு, மறைக்க மாட்டேன். ஸ்லாப்புக்கு (கட்டைவிரலால அடிச்சு வாசிக்கிறதுக்கு) என் பழைய நாலுதான் சுகம். அதுல பிரிட்ஜ்கிட்ட (ஸ்ட்ரிங்கை உடம்புல மாட்டியிருக்கிற எடம்) ஸ்ட்ரிங்குக்கு ஸ்ட்ரிங் 19 மில்லிமீட்டர் இடைவெளி, என் அஞ்சுல 17தான். கட்டைவிரல் பக்கத்து ஸ்ட்ரிங்ல இடிக்குது. அப்புறம் வாசிக்காத ஸ்ட்ரிங்கை அமுக்கி வைக்கணும். லோ பி சும்மா இருக்காது, நீங்க ஏ வாசிச்சாலும் அது கூடவே அதிரும். கட்டைவிரலை அது மேலயே சாய்ச்சு வெச்சுப் பழகுங்க.

பழைய_பேஸ் | சனி, காலை 7.05

தம்பி ஈசூன், பணத்தை எடுப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். நான் தோ பாயோவில் இருக்கிறேன், பேஸ் பிடித்து நாற்பது வருடம் ஆகிறது. இதே தவிப்பு எனக்கும் இருந்தது.

முதலில் ஒரு கணக்கு. ஸ்ட்ரிங்கின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஈ 41.2 ஹெர்ட்ஸ், டி 36.7 ஹெர்ட்ஸ். உங்கள் 105 ஸ்ட்ரிங்கை டி-க்கு இறக்கினால் இழுவிசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தொளதொளவென்று ஆடும், ஆனால் வாசிக்கலாம். அதே ஸ்ட்ரிங்கை பி வரைக்கும், அதாவது 30.9 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் 44 விழுக்காடு போய்விடும். அது ஸ்ட்ரிங்காகவே இருக்காது. அதனால்தான் அஞ்சு ஸ்ட்ரிங் செட்டில் பி-க்கு 130 போன்ற தடித்த ஸ்ட்ரிங்கைக் கட்டுகிறார்கள். அந்தத் தடிமனுக்கு 34 அங்குல ஸ்ட்ரிங் நீளம் போதாது என்று 35 அங்குல பேஸ் தேடுபவர்களும் உண்டு.

உங்களுக்குத் தேவை டி மட்டும்தானா, அல்லது சி வரைக்கும் வேண்டுமா? உங்கள் பாடகர்கள் வழக்கமாக எந்தக் கட்டைக்கு இறக்குகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். டி போதும் என்றால் ஹிப்ஷாட் எக்ஸ்டெண்டர் என்று ஒரு ட்யூனிங் சாவி இருக்கிறது. ஈ ஸ்ட்ரிங்கின் சாவியைக் கழற்றிவிட்டு அதை மாட்டினால், ஒரு நெம்பைத் தள்ளினதும் ஈ டி-யாகிவிடும். திரும்பத் தள்ளினால் ஈ.

நான்கு ஸ்ட்ரிங்கில் ஆகாதது எதுவும் இல்லை என்று சொல்ல வரவில்லை. டெட்ராய்ட்டில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரெசிஷனில் ஃப்ளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய, வழவழப்பான) ஸ்ட்ரிங் கட்டி, வலது கையில் ஒற்றை விரலால் வாசித்தே உலகத்தை ஆட்டிவைத்தார். ஆனால் இன்னொரு அமெரிக்க பேஸ் கலைஞர் அந்தோணி ஜாக்சனுக்கு அது போதவில்லை. அவர் கேட்டு, 1975 வாக்கில் கிட்டார் செய்பவரான கார்ல் தாம்ஸன் ஆறு ஸ்ட்ரிங் பேஸ் செய்துகொடுத்தார். இரண்டு பேருமே சரி. அவரவர் பாட்டுக்கு என்ன தேவையோ அதைத் தேடினார்கள்.

நம் பாட்டுக்கு வருவோம். இளையராஜா பேஸ் வரியை நோட்டேஷனில் எழுதிக்கொடுப்பவர். சசிதரன் வாசித்த அந்த வரிகளைக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேளுங்கள். அது வெறும் அடித்தளம் இல்லை, இரண்டாவது பாட்டு. அப்படிப்பட்ட வரியை ஒரு இடத்தில் மட்டும் ஆக்டேவ் தூக்கினால் அதன் நடை முறிந்துவிடும். உங்கள் மனசு ஆறாததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். இதில் நீங்கள் பட்டது நியாயமான வருத்தம்.

ஒலிமேடை | சனி, காலை 10.31

மேடை ஒலி பார்க்கிறவன் என்ற முறையில் ஒரு கேள்வி. அன்றைக்குக் கீழ் டி-யையே வாசித்திருந்தாலும் அந்த மண்டபத்தில் அது கேட்டிருக்குமா?

பெரும்பாலான சமூக மன்ற மண்டபங்களில் சப்-ஊஃபர் (அடி ஓசைக்கான ஸ்பீக்கர்) இல்லாமல் இரண்டு டாப் ஸ்பீக்கர் மட்டும் வைத்து ஒப்பேற்றுவார்கள். அவை 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேகமாக ஓய்ந்துவிடும். 36.7 ஹெர்ட்ஸ் அதில் வெளியே வராது. அப்படியானால் ஏன் மேல் டி ஒல்லியாகவும் கீழ் டி கனமாகவும் கேட்கிறது? இங்கேதான் விஷயம். கீழ் டி-யில் 36.7 மட்டுமா இருக்கிறது? அதன் மடங்குகள் 73.4, 110, 147, 183.5 எல்லாம் கூடவே வருகின்றன. மேல் டி-யில் 73.4, 147, 220 என்று இரட்டைப்படை மடங்குகள் மட்டும்தான். ஸ்பீக்கர் 36.7-ஐ விழுங்கிவிட்டாலும் 110-உம் 183.5-உம் காதுக்கு வந்து சேர்கின்றன. அவற்றை வைத்து அடியில் இருப்பது என்ன என்று மூளை தானாக நிரப்பிக்கொள்கிறது. சின்ன ரேடியோவில்கூட பேஸ் வரியை நாம் பின்தொடர முடிவது இதனால்தான்.

ஆகவே கீழ் டி வீண் போகாது. ஆனால் அதைக் கேட்க வைப்பது லோ குமிழைத் திருகுவதால் அல்ல. பேஸ்காரர்கள் அடி குறைவாக இருக்கிறது என்று லோவை ஏற்றுவார்கள். மண்டபம் குமுறுமே தவிர சுருதி தெரியாது. லோவைக் கொஞ்சம் இறக்கி, 200-இலிருந்து 400 ஹெர்ட்ஸ் வரைக்கும் லேசாகத் தூக்கிப் பாருங்கள். நான் பேஸ் சேனலில் எப்போதும் 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவேன்.

இன்னொன்று. கீபோர்டுக்காரர் இடது கையில் என்ன வாசித்தார்?

ஈசூன்_நாலுகம்பி | சனி, மதியம் 1.15

பழைய_பேஸ் அண்ணே, ரெண்டு தடவை படித்தேன். ரொம்ப நன்றி.

ஒலிமேடை, நீங்கள் கேட்டது சுருக்கென்று தைத்தது. டிஐ பாக்ஸ் (பேஸை மிக்ஸரோடு இணைக்கிற பெட்டி) வழியாக நேராக மிக்ஸருக்குப் போனேன், மேடையில் எனக்கு ஆம்ப் இல்லை. கீபோர்டுக்காரர் இடது கையில் ஆக்டேவ் ஆக்டேவாக ரூட்டை (கார்டின் அடி நோட்டை) அமுக்கிக்கொண்டிருந்தார். கீழ் டி அவரிடம் இருந்தது, என்னிடம் இல்லை. அப்படியானால் அன்றைக்கு பேஸ் வாசித்தது நானா அவரா என்றே இப்போது தோன்றுகிறது.

உருமி_நேசன் | சனி, மதியம் 2.02

தாளக்காரன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. உருமியில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்க்கும்போது வருகிற அந்த முனகல் ஓசையும் உங்கள் பேஸும் ஒரே இடத்தில்தான் மோதும். உருமி மேளமும் பேண்டும் சேர்ந்து செய்கிற நிகழ்ச்சிகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். பேஸ்காரர் சத்தத்தைக் கூட்டுவார், நாங்கள் இன்னும் அழுத்தித் தேய்ப்போம். கடைசியில் பாட்டு சேறாகிவிடும்.

தேய்க்கிற இடத்தில் பேஸ் ஒரு நோட்டை நீட்டிப் பிடித்து நிற்கட்டும், குச்சி அடிக்கிற இடத்தில் நகரட்டும். இதை ஒரு தடவை பேசி வைத்துக்கொண்டால் போதும். மண்டபத்தில் கடைசி வரிசையில் இருக்கிற பாட்டிக்கும் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். கீபோர்டுக்காரரிடமும் இப்படிப் பேசுங்கள். இடது கையைத் தூக்கிவிடச் சொன்னால் யாரும் கோபப்பட மாட்டார்கள், அன்பாகக் கேட்டால்.

மழைச்சத்தம் | சனி, மாலை 6.40

நான் பொங்கோலிலிருந்து. பேஸ் எடுத்து ஆறு வருடம். அஞ்சு ஸ்ட்ரிங் வாங்கச் சொல்கிறவர்கள் கையளவையும் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

எனக்குச் சின்னக் கை. முதலில் 34 அங்குல பிரெசிஷன் மாடலைத்தான் வாங்கினேன். முதல் ஃபிரெட்டிலிருந்து நாலாவது வரைக்கும் விரலை விரித்து விரித்து ஐந்தாவது மாதமே மணிக்கட்டு வலி வந்துவிட்டது. பிசியோதெரபி போனேன். விட்டுவிடலாம் என்று அழுதிருக்கிறேன். பிறகு 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸ் ஒன்றைப் பிடித்துப் பார்த்த அன்றுதான் இந்த வாத்தியம் எனக்கும் உரியது என்று பட்டது. ஃப்ளாட்வவுண்ட் கட்டியிருக்கிறேன், விரல் உரசுகிற கீச்சுச் சத்தமே இல்லை. ஆனால் ஷார்ட் ஸ்கேலில் டி-க்கு இறக்கினால் இன்னும் தொளதொளக்கும், அதனால் அண்ணனுக்கு என் வழி ஒத்துவராது.

அஞ்சு ஸ்ட்ரிங் வாங்குவதென்றால் இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குப் போய்க் கழுத்தில் மாட்டி அரைமணி நேரம் நின்று பாருங்கள். நட் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காருகிற பட்டை) பக்கத்தில் நெக் அகலம் ஜாஸ் பேஸ் மாடலில் 38 மில்லிமீட்டர், உங்கள் பிரெசிஷன் 41 அல்லது 42 இருக்கும். அஞ்சு ஸ்ட்ரிங் பலவும் 45-ஐத் தாண்டும். அந்த மூன்று நான்கு மில்லிமீட்டர் இரண்டாவது மணி நேரத்தில் மணிக்கட்டில் தெரியும்.

வீட்டில் பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை. நாங்கள் வீவக (அடுக்குமாடி) வீட்டில் பதினோராவது மாடி. ஆரம்பத்தில் ஆம்பைத் தரையில் வைத்து மிக மெதுவாகத்தான் வாசித்தேன். ஆனாலும் கீழ் வீட்டு ஆன்ட்டி ஒருநாள் கதவைத் தட்டி, "மேல ஏதாச்சும் மெஷின் ஓடுதா பிள்ள?" என்று கேட்டார். அவர்கள் வீட்டுக்குப் போய் நின்று கேட்டேன். பாட்டு ஒன்றும் கேட்கவில்லை, டும் டும் என்று மட்டும் சீலிங்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மேல் ஓசைகளைச் சுவர் தடுத்துவிடுகிறது, அடி ஓசை கான்கிரீட்டுக்குள்ளேயே நடந்து போகிறது. அதற்குப் பிறகு ஆம்பை நாற்காலியில், கீழே தடித்த ஃபோம் போட்டு வைத்தேன். பாதி குறைந்தது. இப்போது இரவு 9 மணிக்கு மேல் ஹெட்போன் மட்டும்தான். ஆன்ட்டி தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பினார்.

புதுவிரல் | சனி, இரவு 8.12

மன்னிக்கவும், இழைக்குக் கொஞ்சம் வெளியே. நான் ஜேசி (ஜூனியர் காலேஜ்) மாணவன், முதல் பேஸ் ஜாஸ் மாடல். ஒரு பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வை எடுக்கிற காந்தச் சுருள்) வால்யூமைக் குறைத்தால் ம்ம்ம் என்று ஒரு சத்தம் வருகிறது. ரெண்டும் முழுசா இருந்தால் வராது. பேஸ் கெட்டுப்போச்சா?

ஒலிமேடை | சனி, இரவு 8.30

கெடவில்லை தம்பி, அதன் இயல்பே அப்படி. ஜாஸ் பேஸில் இரண்டு சிங்கிள் காயில் பிக்கப். ஒன்று எடுக்கிற இரைச்சலை இன்னொன்று தலைகீழாக எடுத்து அழிக்கும். இரண்டும் சமமாகத் திறந்திருந்தால்தான் அது முழுசாக நடக்கும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஈ ஸ்ட்ரிங்கின் மூன்றாவது ஃபிரெட்டில் இருக்கிற ஜி 49 ஹெர்ட்ஸ். அதனால் பாட்டுக்குள்ளேயே அது கலந்துவிடும், கண்டுபிடிப்பது கஷ்டம். டிம்மர் விளக்கு, டிவி, சார்ஜர் பக்கத்திலிருந்து தள்ளி நின்று, உடம்பைத் திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் குறையும். ஈசூன் அண்ணனுடைய பிரெசிஷனில் இந்தத் தொல்லை இல்லை. 1957-இல் அதன் பிக்கப்பை இரண்டாக வெட்டி வைத்ததிலிருந்தே இரைச்சல் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

கட்டைவிரல் | சனி, இரவு 10.05

ஈசூன் அண்ணே, என் அஞ்ச ஒரு வாரம் எடுத்துட்டுப் போங்க. காசு போடுறதுக்கு முன்னாடி மேடையில வாசிச்சுப் பாருங்க. தெம்பனிஸ் எம்ஆர்டில வந்து குடுக்கறேன். 4.3 கிலோ, ஸ்ட்ராப் அகலமானதா போட்டுக்குங்க.

ஈசூன்_நாலுகம்பி | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.50

எல்லாருக்கும் பதில் கடன்பட்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

தம்பி கட்டைவிரலின் அஞ்சு ஸ்ட்ரிங்கை ஒன்பது நாள் வாசித்துப் பார்த்தேன். நல்ல வாத்தியம், லோ பி தெளிவாக இருந்தது. காலாங்கில் ஒத்திகை ஸ்டூடியோவில் அதே பாட்டை 2 கட்டையில் வாசித்தோம். கீழ் டி-யைப் பிடித்த உடனே டிரம்மர் தலையை ஆட்டினார், அதற்காகவே இத்தனை பாடும் தகும். ஆனால் வேகமான குத்துப் பாட்டு வந்ததும் கை தடுமாறியது. யோசித்து வாசித்தேன். மேடையில் நான் யோசித்து வாசிப்பதில்லை, டிரம்மரின் கால் போகிற இடத்துக்கு என் கை போகும். பதினைந்து வருடம் நாலு ஸ்ட்ரிங்கில் சேர்த்த அந்தப் பழக்கத்தைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

பழைய_பேஸ் அண்ணன் சொன்னபடி தாளில் எழுதினேன். கடந்த ஒரு வருடத்துப் பட்டியலில் கட்டை இறக்கிய பாட்டு பதினாலு. அதில் பதினொன்று டி-யோடு முடிந்துவிட்டது. சி வரைக்கும் போனது மூன்று, அந்த மூன்றிலும் பேஸ் வரி எளிமையானது. அதனால் எக்ஸ்டெண்டர் சாவியை வரவழைத்து மாட்டினேன். ஈ-க்கு 105-க்குப் பதில் 110 ஸ்ட்ரிங். தடிமன் கூடினால் எடை கூடும், டி-க்கு இறக்கினாலும் பழைய இழுவிசையில் எண்பத்தேழு விழுக்காடு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கையிலும் அப்படித்தான் தெரிகிறது.

இதில் ஒரு இடைஞ்சல் வந்தது. தடித்த ஸ்ட்ரிங் நட் பள்ளத்தில் முழுசாக உட்காரவில்லை, ஓப்பன் ஸ்ட்ரிங் மட்டும் உயர்ந்து நின்றது. ஒரு கடையில் கொடுத்தேன். பள்ளத்தை ஆழமாக அராவிவிட்டார்கள், டி-க்கு இறக்கினால் முதல் ஃபிரெட்டில் இரைந்தது. புது நட் போட வேண்டியதாயிற்று, வேறு ஒருவரிடம். மாற்றுகிறவர்கள் கவனம், அகலத்தை மட்டும் கூட்டச் சொல்லுங்கள், ஆழத்தை அளந்து பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

நெக்கும் கொஞ்சம் நகர்ந்தது. முதல் ஃபிரெட்டையும் உடம்போடு சேருகிற இடத்து ஃபிரெட்டையும் அமுக்கிக்கொண்டு எட்டாவது ஃபிரெட்டில் இடைவெளி பார்த்தேன், அரை மில்லிமீட்டருக்கு மேல். ட்ரஸ் ராடை (நெக்குக்குள் இருக்கிற இரும்புக் கம்பி) கால் சுற்று இறுக்கி, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் இன்னொரு கால் சுற்றுக்கும் குறைவாக. இப்போது 0.3 இருக்கிறது. நம் ஊர் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், ராத்திரி ஏர்கான் அறையில் வைத்துவிட்டு மறுநாள் மதியம் வெளி மேடைக்குத் தூக்கிப் போனால் மரம் பேசாமல் இருக்காது. அதனால் படுக்கையறையிலிருந்து எடுத்து ஹாலில் வைத்துவிட்டேன். அங்கே ஏர்கான் இல்லை, மேடையிலும் இல்லை.

நேற்று ஒரு பிறந்தநாள் விழா. மேடை ஏறுவதற்கு முன்பே கீபோர்டுக்காரரிடம் பேசினேன். "அண்ணே, சரணத்துல மட்டும் இடது கைய எனக்கு விட்டுக்கொடுங்க." அவர் சிரித்துக்கொண்டே, "நீ கேக்கவேயில்லையேப்பா இத்தன வருஷமா" என்றார். ஒலிமேடை சொன்னபடி லோவை இறக்கி, 300 பக்கம் கொஞ்சம் ஏற்றச் சொன்னேன். அதே பாடகர், அதே பாட்டு, 2 கட்டை. சரணம் வந்தது, நெம்பைத் தள்ளினேன், ஓப்பன் டி. காலடியில் மேடைப் பலகை அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

பழைய_பேஸ் | ஞாயிறு, இரவு 10.20

தம்பி, படித்து மனசு நிறைந்தது. ஒரே ஒரு கேள்வி. நெம்பைத் திருப்பி ஈ-க்குக் கொண்டுவரும்போது சுருதி சரியாக வந்து நிற்கிறதா? எனக்கு முதல் மாதம் இரண்டு மூன்று சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கீழே நிற்கும்.

ஈசூன்_நாலுகம்பி | ஞாயிறு, இரவு 10.34

நிற்கவில்லை அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரியே கொஞ்சம் கீழே. ஸ்ட்ரிங்கை நட்டுக்கும் ட்யூனிங் சாவிக்கும் நடுவில் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டால் சரியாகிறது. பள்ளத்தில் பென்சில் கரி தடவச் சொன்னார் நட் போட்டவர், நாளைக்குத் தடவிப் பார்க்கிறேன்.

கட்டைவிரல் தம்பி, உங்கள் பேஸைத் துடைத்து, புது செட் ஸ்ட்ரிங் கட்டி வைத்திருக்கிறேன். புதன் ஏழு மணிக்குத் தெம்பனிஸ் வரட்டுமா?

கட்டைவிரல் | ஞாயிறு, இரவு 10.41

வாங்கண்ணே. உங்க பிரெசிஷனயும் எடுத்துட்டு வாங்க, அந்த நெம்ப நான் ஒரு தடவ தள்ளிப் பாக்கணும்.